மூன்று சுழியால் விலை குறைந்த வீடு

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில், தேக்கா சந்தையில் மீன் விற்கும் ஒருவர் எழுந்து என்னைக் கேட்டார். "டீச்சர், ரெண்டு சுழி ன, மூணு சுழி ணன்னு பிள்ளைங்கள ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க? வாயில எல்லாம் ஒண்ணாத்தானே வருது?" நான் வழக்கமான உதாரணங்களைச் சொன்னேன். பனி, பணி. மனம், மணம். அவர் விடவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு. வெளிய வந்தா யாருக்கு என்ன நட்டம்?"

அன்று மணி அடித்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது. என் அண்ணன் சேதுபதியும் நானும் எழுதிக்கொண்ட கடிதங்கள் சிலவற்றைக் கீழே தருகிறேன். அப்போது அவர் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். நான் சிங்கப்பூரின் மேற்குக் கரையை ஒட்டிய கம்போங் தெலாகாவில், அப்பா எங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வைத்த வீட்டில் இருந்தேன். கடிதங்களை வெளியிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "போடு. பேரை மட்டும் மாத்தாதே" என்றார்.

*

செம்பாக்கா எஸ்டேட் ஆபீஸ்,
தைப்பிங் வழி
8-10-1961

அன்புத் தங்கை மங்களத்துக்கு ஆசிகள்.

இங்கே நான், உன் அண்ணி, மகள் வசந்தா மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் கேட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் வந்த வார இதழில் ஒரு பக்கம் முழுக்கக் கம்போங் தெலாகாவைப் பற்றித்தான். அங்கே அணு மின் நிலையம் கட்டப் போகிறார்களாம். ஜப்பானில் விழுந்த குண்டின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். அதே அணுவிலிருந்துதான் கரண்டு எடுப்பார்களாம். நம் வேலிக்கு அந்தப் பக்கம், மங்களம்.

சுடுகாட்டுக்குப் பக்கத்து வீடாவது பாதி விலைக்குப் போகும். அணுவுக்குப் பக்கத்து வீட்டை யார் வாங்குவார்? தரகர் தங்கராஜு எனக்கே எழுதியிருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி தருகிறாராம். போன வருஷம் ஆறாயிரத்துக்குக் கேட்டார்கள் என்பது எனக்கும் நினைவிருக்கிறது. அது போன வருஷம். இன்னும் இறங்குவதற்குள் தள்ளிவிடுவதுதான் புத்தி. மாப்பிள்ளை காலமான பிறகு நீ அங்கே தனியாக இருப்பதும் எனக்குச் சமாதானமாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அண்ணன்,
சேதுபதி

*

கம்போங் தெலாகா,
சிங்கப்பூர்
20-10-1961

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

தைலம் நன்றாகக் கேட்டது. பஸ்ஸில் ஏறி இறங்க முடிகிறது. அண்ணிக்கும் வசந்தாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

நீங்கள் படித்ததை இங்கேயும் எல்லாரும் படித்துவிட்டார்கள். ஹனீபா பாயின் சரபத் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. மாணிக்கம் அண்ணன் இரண்டாயிரத்துக்கே வீட்டைக் கொடுத்துவிட்டுக் கேலாங்குக்குப் போய்விட்டார். செல்லக்கண்ணு அக்காவிடம் பால் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அணுப் பாலாம். "இன்னும் ஒரு செங்கல்லுகூட வைக்கல. அதுக்குள்ள எம் மாட்டுக்குள்ள அணு எப்பிடிப் பூந்துச்சு டீச்சரம்மா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவளும் தங்கராஜுவிடம் முன்பணம் வாங்கிவிட்டாள்.

எனக்கும் பயமில்லாமல் இல்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி வாங்கிய இடம் இது.

உங்கள் அன்புத் தங்கை,
மங்களம்

*

செம்பாக்கா எஸ்டேட்
14-11-1961

அன்புள்ள மங்களம்,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தீபாவளிக்கு வர முடியவில்லை. வேலை அதிகம்.

தங்கராஜு அனுப்பிய விற்பனை ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்தும் இருந்தால்தான் செல்லும். அப்பா மூட்டை தூக்கியதை எனக்கு நீ சொல்ல வேண்டாம். அவருக்குச் சோறு கொண்டுபோனவன் நான். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணன்,
சேதுபதி

*

கம்போங் தெலாகா
29-11-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் சுகம். எஸ்டேட் முத்திரை போட்ட தாள் தீர்ந்துவிட்டதா? இம்முறை கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் கேளுங்கள். நம் வீட்டுக்கு அடுத்த கோழிப்பண்ணை முதலாளி லிம் தவுக்கேயை நினைவிருக்கிறதா? அவர் விற்கவில்லை. விற்காதது மட்டுமல்ல, கோழிக் கொட்டகையைப் பிரித்துவிட்டு வரிசையாக அறைகள் கட்டுகிறார். நிலையத்தில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாராம். எனக்குத் தெரிந்த மலாயில், "குண்டு வெடிக்கும் என்று பயமில்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பி லா, டீச்சர். ஆயர் லா. சாமா மாச்சாம் செரெக்." நெருப்பு, தண்ணீர், கெட்டில் மாதிரி என்கிறார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. சீனர்கள் பயப்படவில்லை. மலாய்க்காரர்கள் பயப்படவில்லை. இந்தக் கம்போங்கில் தமிழர் வீடுகளுக்கு மட்டும்தான் விலை இறங்கியிருக்கிறது. அணுவுக்கு நம்மேல் மட்டும் என்ன கோபம்?

சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் பார்க்கப் போகிறேன். வசந்தா படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மங்களம்

*

மே/பா அப்துல் அலீம் மளிகைக் கடை,
தைப்பிங்
22-12-1961

மங்களத்துக்கு,

நலம். உன் அண்ணிக்குக் கொஞ்சம் இருமல். மற்றபடி ஒன்றுமில்லை.

இனி மேலே உள்ள விலாசத்துக்கு எழுது.

லிம் தவுக்கே கோழி வளர்க்கிறவர். அவர் பேச்சை நம்பி நாம் நடக்க முடியுமா? நீ வகுப்பில் கேள்வி கேட்கலாம், என்னிடம் வேண்டாம். தங்கராஜு இப்போது இரண்டாயிரத்து இருநூறுதான் என்கிறார். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும். எனக்கு இது அவசரம்.

சேதுபதி

*

கம்போங் தெலாகா
5-1-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். அண்ணியின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுங்கள். ஈரத் தரையில் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாளிதழில்தான் இந்தச் செய்தி முதலில் வந்தது. இரண்டே வரி. "கம்போங் தெலாகாவில் அணல் மின் நிலையம்." மூன்று சுழி. அச்சுக் கோத்தவர் கை எழுத்துப் பெட்டியில் பக்கத்து அறைக்குப் போய்விட்டது போலிருக்கிறது. அவர் போட வேண்டியது இரண்டு சுழி: அனல். அனல் என்றால் நெருப்பு. எண்ணெயை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியால் சக்கரம் சுற்றுவது. லிம் தவுக்கே சொன்ன அதே கெட்டில்.

அடுத்த வாரம் வார இதழ்க்காரர் இதைப் பார்த்திருக்கிறார். "அணல் என்று ஒரு சொல்லா? அணுவைத்தான் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று தாமே திருத்தி, குண்டுப் படத்தையும் சேர்த்துவிட்டார். ஒருவர் தப்பாக எழுதினார், மற்றவர் அதைத் தப்பாகத் திருத்தினார். நாம் வீட்டை விற்கக் கிளம்பிவிட்டோம்.

என் பேச்சு போதாது என்பீர்கள். கட்டடக் காண்டிராக்டரிடம் வேலை பார்க்கும் நூருல் அமீன் என்ற பிள்ளை வாடகைக்கு அறை தேடி வந்தது. முன் அறையைக் கொடுத்தேன். அரசாங்கத்தின் ஆங்கில அறிவிப்பை அது கொண்டுவந்து காட்டியது. 'தெர்மல்' என்று போட்டிருக்கிறது. வீட்டில் தெர்மாஸ் பிளாஸ்க் இருக்கிறதே, அதே தெர்மல்தான். அதில் நாம் சூடாகக் காப்பி ஊற்றி வைக்கிறோம். அணுவையா ஊற்றி வைக்கிறோம்?

வேறு விஷயம் ஒன்றுமில்லை. அலீம் பாய் கடைக்கு மேலே ஒரே அறைதான் என்று ஞாபகம். சரிதானே?

உங்கள்,
மங்களம்

*

கம்போங் தெலாகா
18-2-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமறிய ஆவல். பொங்கலுக்கு எழுதுவீர்கள் என்று பார்த்தேன். தைப்பூசத்துக்கு எழுதுவீர்கள் என்று பார்த்தேன். தேங் ரோடு கோயிலில் அண்ணி பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

போன ஞாயிறு தங்கராஜு ஹனீபா பாய் கடைக்கு வந்தார். செல்லக்கண்ணு அக்காவிடம் கைநாட்டு வாங்க வந்தவர் என்னையும் பார்த்துவிட்டார்.

"டீச்சரம்மா, நாளைக்கு இந்த வீட்ட சும்மா குடுத்தாக்கூட வாங்க ஆள் வராது."

"அப்ப நீங்க எதுக்கு வாங்குறீங்க?"

"நம்ம ஆளுங்க கஷ்டப்படக் கூடாதுல்ல. ஒரு சேவைதான் லா."

ஹனீபா பாய் டீயை ஆற்றிக்கொண்டே, "அணுவுக்குத் தரகர்னா பயம்போல. ஒண்ணும் பண்ணாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பையிலிருந்து அந்த நாளிதழை எடுத்து நீட்டினேன்.

"இத கொஞ்சம் சத்தமாப் படிங்க."

"கண்ணாடி கொண்டாரலையே."

"என்னோடதப் போட்டுக்குங்க."

அவர் போட்டுக்கொண்டு படித்தார். "கம்போங் தெலாகாவில் அணல் மின் நிலையம்."

"அணலா? அப்பிடின்னா என்னாங்க?" என்று செல்லக்கண்ணு அக்கா கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்துக் கேட்டதல்ல. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அட, அனல்தான்மா. அச்சுல தப்பாப் போட்டுட்டான்" என்றார் தங்கராஜு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரிந்தது. ஹனீபா பாய் டீக்கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அப்ப அணு இல்ல, அனல்னு உமக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

செல்லக்கண்ணு அக்கா முந்தானையிலிருந்து முன்பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நாளையிலருந்து உங்க வீட்டுக்கும் பால் ஊத்துறேன். அணு கலக்காத பால்." அன்று மாலைக்குள் இன்னும் மூன்று வீட்டார் முன்பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, எதற்காவது உதவும்.

கிணற்றடிப் பெரிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காரணம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
மங்களம்

*

மே/பா அலீம் கடை,
தைப்பிங்
6-3-1962

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

அண்ணிக்குக் கஷாயம் கேட்டது. வசந்தா சுகம்.

நீ சொன்னபடி பின்பக்கம் உதவுகிறது. உன் கடிதத்தை அலீம் பாய்க்குப் படித்துக் காட்டினேன். "அணு கலக்காத பால்" என்ற இடத்தில் அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது.

நீ சொன்னதே சரி. வீட்டை விற்க வேண்டாம்.

இன்னொன்று. இங்கே எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். கிராணியாக இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம். ஸ்டோர் கணக்கு, செக்ரோல் கூலிப் பட்டியல் எல்லாம் தெரியும். வயது ஐம்பது. அங்கே நிலையத்தில் இந்த வயதுக்காரரை எடுப்பார்களா என்று அந்தப் பிள்ளை நூருல் அமீனிடம் விசாரித்து எழுது. அவசரமில்லை. நண்பருக்காகத்தான் கேட்கிறேன்.

அண்ணன்,
சேதுபதி

*

கம்போங் தெலாகா
14-3-1962

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

எல்லாரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி.

உங்கள் நண்பரைப் பற்றி அன்றைக்கே விசாரித்தேன். காண்டிராக்டரின் ஸ்டோருக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஒரு கிராணியைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வயது ஐம்பது என்றேன். "சின்னப் பையன்கள வச்சுத்தான் ஆணி பாதி காணாமப் போகுது. வரச் சொல்லுங்கம்மா" என்றது நூருல் அமீன். ஏப்ரல் முதல் வாரத்தில் வர வேண்டும்.

நண்பரின் மனைவிக்கு இருமல் இருந்தால் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். கிணற்றடி அறைக்குக் கடல் காற்று வரும். மகள் இருந்தால் என் பள்ளியில் இடம் பேசிவிட்டேன். வாடகைப் பேச்சை எடுத்தால் நண்பரோடு நான் பேச மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

புறப்படும்போது மூக்குக் கண்ணாடியை அலமாரி மேலே வைத்து மறந்துவிட வேண்டாம். உங்கள் நண்பருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மறதி உண்டு.

உங்கள்,
மங்களம்

*

தைப்பிங்
27-3-1962

மங்களம்,

நலம். நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் பாகார் ஸ்டேஷனில் இறங்குகிறோம்.

தீபாவளிக்கு முன்பே எஸ்டேட்டைத் துண்டு போட்டு ஆறு பேருக்கு விற்றுவிட்டார்கள். ஆபீஸைப் பூட்டினார்கள், குவார்ட்டர்ஸையும் காலி செய்யச் சொன்னார்கள். உனக்கு எழுதக் கை வரவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி.

கண்ணாடியைப் பையில் வைத்துவிட்டேன்.

சேதுபதி

*

கம்போங் தெலாகா,
சிங்கப்பூர்
9-12-1962

மே/பா அப்துல் அலீம் மளிகைக் கடை, தைப்பிங்

அன்புத் தங்கை மங்களத்துக்கு,

எல்லாரும் சுகம். நீ போயிருக்கும் அலீம் பாயின் மகள் சம்சுன்னிசாவின் நிக்காஹ் நல்லபடி முடிந்திருக்கும். எனக்கு லீவு கிடைக்காத வருத்தத்தை அவரிடம் நீ நேரில் சொல்லியிருப்பாய். அவர் வீட்டுப் பிரியாணியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வா. இங்கே உன் அண்ணி இருமலை மறந்துவிட்டு, வாடகை அறைக்காரர்கள் ஏழு பேருக்குச் சமைத்துப் போடுகிறாள். "நீங்க ஸ்டோரக் காவல் காக்குறீங்க, நான் ஊரையே காக்குறேன்" என்கிறாள்.

வியாழக்கிழமை தங்கராஜு வந்தார். வாசலிலேயே ஒன்பதாயிரம் என்றார். நான் நாற்காலி போட்டேன். பத்தாயிரம் என்றார். "அணுவெல்லாம் இருக்குதே, பரவாயில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை லா, கிராணி ஐயா" என்றார். காப்பி கொடுத்தேன். தெர்மாஸ் பிளாஸ்கிலிருந்து ஊற்றித்தான் கொடுத்தேன். வீடு விற்பனைக்கு இல்லை என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

மாணிக்கம் வீட்டையும் தங்கராஜு விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மாணிக்கத்துக்கு ஆள் அனுப்பினேன். அவர் கேலாங்கிலிருந்து ஓடி வந்தார். அவர் வீடு இனிப் பழைய விலைக்குக் கிடைக்காது. ஆனாலும் நம் பக்கத்தில் லிம் தவுக்கே கட்டிய அறை ஒன்றை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார். அவர் மனைவி நம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள். பழையபடி சண்டையும் போடுகிறாள்.

பெரிய செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நேற்று நிலைய வாசலில் நான்கு மொழிகளிலும் பெயர்ப்பலகை எழுதினார்கள். தமிழைப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டு, துரை என்னைக் கூப்பிட்டார். ஏணிமேல் நின்ற பெயிண்டர் முதல் இரண்டு எழுத்தை முடித்திருந்தான். அண்ணாந்து பார்த்தேன்.

மூன்று சுழி.

"தம்பி, நிறுத்து" என்றேன். "ஒரு சுழிதானேய்யா, கீழருந்து பாத்தா யாருக்குத் தெரியும்?" என்றான். "எனக்குத் தெரியும். இந்த ஒரு சுழி எவ்வளவு பெறும்னு கம்போங்குல யார வேணா கேளு" என்றேன். துரை, வேலிக்கு வெளியே செல்லக்கண்ணு, அவள் மாடு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினான். இரண்டு சுழி. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். பஸ்ஸில் வரும்போதே உனக்குத் தெரியும்.

சீக்கிரம் வா.

உன் அண்ணன்,
சேதுபதி

*

மீன் கடைக்காரருக்கு என் பதில் இதுதான். இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். உங்களைப் பயமுறுத்திய செய்தி ஒன்றை இன்றைய பத்திரிகையிலிருந்து எடுத்து, அதன் தலைப்பை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.